தங்கவயலுக்குப் போன காவிரி

காவிரிப் பிரச்சினையின் தொடக்கம் எது என்று கேட்டால் பலரும் 1924 ஒப்பந்தத்தைச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் 1892க்குப் போவார்கள். இரண்டுமே பாசனத் தகராறுகளாகத்தான் நம் நினைவில் பதிந்திருக்கின்றன. ஆனால் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட 32 ஆண்டுகளில் ஆற்றில் என்ன மாறியது என்று தேடியபோது, தடம் என்னைக் கோலார் தங்கச் சுரங்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. காவிரிப் பூசலின் வேரில் நெல்லோடு மின்சாரமும் இருக்கிறது. அதை மறந்ததால்தான் இன்றைய வாதங்களில் பாதியை நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்பது என் முடிவு.

சிவசமுத்திரத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அருவிகளாக விழுகிறது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவான திட்டப்படி, அருவிக்கு மேலேயே நீரைக் கால்வாயில் திருப்பி, குழாய்கள் வழியாகச் சுமார் 400 அடி கீழே இறக்கி டர்பைன்களைச் சுழற்றினார்கள். சுழற்றிய நீர் மறுபடியும் ஆற்றிலேயே சேர்ந்தது. 1902 ஜூனில் அந்த மின்சாரம் சுமார் 147 கி.மீ. கம்பிவழியே ஓடிக் கோலார் தங்கவயலை எட்டியது. அன்று உலகின் மிக நீளமான மின்தொடர்களில் அதுவும் ஒன்று. பெங்களூருத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததோ 1905இல்தான். ஊருக்கு முன்னால் சுரங்கம் என்ற இந்த வரிசையே திட்டத்தின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. பாறையைக் குடைய, தாதுவை நொறுக்க, ஆழத்தில் ஊறும் நீரை இறைக்க என்று சுரங்கத்துக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை விற்பது மைசூர் அரசுக்கு நல்ல வருமானம்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. சுரங்கத்தின் தேவைக்குப் பருவம் கிடையாது, காவிரிக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழையில் கரைபுரளும் ஆறு கோடையில் மெலிந்துவிடும். நீர் குறைந்தால் டர்பைன் தளரும். ஆகவே மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் விட ஒரு பெரிய தேக்கம் தேவைப்பட்டது. தலைமைப் பொறியாளரான விஸ்வேஸ்வரய்யா கண்ணம்பாடியில் அணை கட்ட முன்வைத்த காரணங்களில் புதுப் பாசனத்தோடு சிவசமுத்திரத்தின் நிலையான மின்சாரமும் முக்கிய இடம் பெற்றது. 1911இல் வேலை தொடங்கியது. சென்னை மாகாணம் 11 டி.எம்.சி. தேக்க இசைந்தது, மைசூரோ 41.5 டி.எம்.சி.க்கு ஏற்ற அடித்தளம் போட்டது. 1914இல் கிரிஃபின் நடுவர் தீர்ப்பு, அதை எதிர்த்துச் சென்னையின் முறையீடு, கடைசியில் 1924 ஒப்பந்தம் என்று வழக்கு நீண்டது. அந்த ஒப்பந்தத்தின் பின்னணியில்தான் மேட்டூர் அணையும் 1934இல் எழுந்து நின்றது.

1892லேயே தகராறு இருந்ததே, மின்சாரத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். தகராறு இருந்தது உண்மை. ஆனால் 1892 ஒப்பந்தம், மைசூர் புதிதாகப் பாசன வேலைகளைத் தொடங்குமுன் சென்னையின் இசைவைப் பெற வேண்டும் என்பதைப் பற்றியது. ஒரு பருவத்தின் வெள்ளத்தையே பிடித்து அடுத்த பருவத்துக்கு ஒதுக்கும் அளவுக்குப் பெரிய அணை அப்போது காவிரியில் இல்லை. பாசனம் மட்டுமே கண்ணம்பாடியைக் கொண்டுவந்திருக்குமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு மின்நிலையமும், பணம் கொடுத்து அதன் மின்சாரத்தை வாங்கக் காத்திருந்த சுரங்கமும் அந்த அணையை அவசரத் தேவையாக்கின என்பதை மறுக்க முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மின்சாரம் தண்ணீரைக் குடிப்பதில்லை, சுழற்றிவிட்டுத் திருப்பித் தருகிறது, கீழே இருப்பவருக்கு என்ன நட்டம்? அளவைப் பார்த்தால் இது சரி. காலத்தைப் பார்த்தால் தவறு. குறுவைக்கு ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது மரபு. நாற்றுக்குத் தண்ணீர் வேண்டிய வாரத்தில் வராத நீர், நான்கு மாதம் கழித்து முழுதாக வந்தாலும் அந்தப் பயிரைப் பிழைக்கவைக்காது. டர்பைனுக்குத் தேவை ஆண்டு முழுவதும் ஒரே சீரான ஓட்டம். நெல்லுக்குத் தேவை குறித்த நாளில் மிகுந்த ஓட்டம். ஒரே மதகு இரண்டையும் முழுமையாக நிறைவேற்ற முடியாது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தபோது, அந்த நீர் ஆண்டுக் கணக்காக மட்டும் நிற்கவில்லை; ஜூனில் 9.19, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாகப் பிரிந்து நிற்கிறது. உரிமை என்பது அளவும் தேதியும் சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதனால் மைசூரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. மேட்டூரிலும் மின்சாரம் எடுக்கிறோம். தங்கவயலின் ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அருவியின் வலிமையைக் கம்பியில் ஏற்றியது மனித அறிவின் பெரிய சாதனை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. என் வாதம் வேறு. அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. அதற்காக மாற்றப்பட்ட ஆற்றின் கால ஒழுங்கோ நம் தலைமுறை மீது அப்படியே இருக்கிறது. இன்று மேகேதாட்டுவில் 67 டி.எம்.சி. தேக்கத்தோடு 400 மெகாவாட் மின்சாரமும் முன்மொழியப்படும்போது, மின்சாரம் நீரைச் செலவழிக்காது என்ற அதே பதில் திரும்பவும் சொல்லப்படுகிறது. அதைக் கேட்கிறவர்கள் கொள்ளளவைப் பற்றி விவாதிப்பதோடு நிறுத்தாமல், அணையின் மதகு எந்த மாதத்தில், யாருடைய தேவைக்காகத் திறக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.