பெரிய டீச்சர்

மாறுதல் கலந்தாய்வு முடிந்து, ஒரு பள்ளிக்குப் புதுத் தலைமை ஆசிரியர் யார் என்று தெரிந்த அன்றைக்கே அங்கிருக்கும் ஆசிரியர்கள் அவருடைய பழைய பள்ளிக்குப் போன் போட்டுவிடுவார்கள். "ஆள் எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. லீவு கேட்டால் முகம் சுளிப்பாரா, எதற்கெடுத்தாலும் மெமோ கொடுப்பாரா, முதன்மைக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வரும்போது நம் பக்கம் நிற்பாரா, நழுவிக்கொள்வாரா என்று விசாரணை நீளும். பாடம் நடத்துவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. தனக்கு மரியாதை கிடைக்குமா என்று சந்தேகம் இருக்கிற இடத்தில் யாராலும் மனம் ஊன்றிப் பாடம் நடத்த முடியாது. அவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பது அதைத்தான்.

பெற்றோருக்கு அப்படிப் போன் போட்டு விசாரிக்க ஆள் கிடையாது. பள்ளிக்கு வந்து, நின்று, பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வேலை பார்ப்பது திருப்பூரை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பெற்றோரில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் டைலர், செக்கிங், பேக்கிங். அவர்கள் பகலில் பள்ளிக்கு வந்தால் அரை ஷிப்ட் போய்விடும். சனிக்கிழமை கூலி வாங்கும்போது அந்தக் குறை கையில் தெரியும். அந்தக் கூலியை விட்டு வருகிறவரை அறை வாசலில் நிற்க வைத்துவிட்டு நான் கம்ப்யூட்டரில் அரசின் எமிஸ் தளத்தில் பள்ளி விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால், அதற்குமேல் என்னைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர்களின் நம்பிக்கை எங்கே உருவாகிறது என்று கேட்டால், சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் என்பேன். ஒருவர் லீவு போட்டால் அவருடைய வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று காலையில் எழுதுகிற நோட்டு. மறுத்துப் பேசத் தெரியாத இரண்டு பேர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். அவசரத்தில் கை தானாக அவர்கள் பெயரைத்தான் எழுதும். பி.டி. பீரியட் என்றால் கேட்கவே வேண்டாம், பொதுச்சொத்து மாதிரி ஆளாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். நான் லாங் சைஸ் நோட்டில் ஆசிரியர் பெயர்களைக் குறுக்கே எழுதி, யாருக்கு இந்த மாதம் எத்தனை பீரியட் கூடுதலாகப் போனது என்று கீழே கூட்டிப் போடுகிறேன். கடைசிக் கட்டத்தில் என் பெயர். நோட்டு என் மேஜை டிராயரில் இருக்காது, ஸ்டாஃப் ரூம் மேஜையில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். புரட்டுகிறார்கள். கூட்டலைச் சரிபார்க்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். பார்க்கட்டும், அதற்காகத்தான் அங்கே வைத்திருக்கிறேன்.

லீவும் அப்படித்தான். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. காலை ஆறரைக்கு வாட்ஸப்பில் செய்தி வரும், "மேடம், பையனுக்குக் காய்ச்சல், இன்று சி.எல்." என்று. "இன்னிக்குமா?" என்று பதில் போடுகிற தலைமை ஆசிரியரும் அந்த லீவைக் கொடுக்கத்தான் போகிறார். கொடுத்த பிறகும் அந்த ஒரு சொல் ஆண்டு முழுக்க நிற்கும். "சரிங்க டீச்சர், பையனைப் பாருங்க, வகுப்பை நான் பாத்துக்கறேன்" என்று எழுத அதைவிட அதிக நேரம் ஆகாது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோர் பக்கம் வேறு கதை. எங்கள் ஊரில் என்னைப் "பெரிய டீச்சர்" என்பார்கள். அந்த மரியாதையில் பாதி பயம். தங்கள் பள்ளிக்காலத்தில் ஹெச்.எம். அறைக்கு அடி வாங்கத்தான் போயிருக்கிறார்கள். இன்றைக்கும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். உட்காரச் சொன்னால், "பரவாலைங்க" என்று நிற்பார்கள். அவர்கள் உட்காரும்வரை நானும் உட்காருவதில்லை.

பெரும்பாலும் சான்றிதழுக்காக வருவார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்திருப்பாள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்க, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும். அந்த ஆயிரம் ரூபாயை வைத்துத்தான் பஸ் செலவைக் கணக்குப் போட்டிருப்பார்கள். அதை விடப் பெரியது பத்தாம் வகுப்பு நாமினல் ரோல். மாணவர் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் அதில் எப்படிப் போகிறதோ அப்படித்தான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகி வரும். பிறகு திருத்துவதென்றால் அலைச்சல். எங்கள் பள்ளியில் அந்தப் பட்டியலை வகுப்பாசிரியர் பெற்றோருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார், ஒவ்வொரு எழுத்தாக. ஆதாரில் "கார்த்திக்", பிறப்புச் சான்றிதழில் "கார்த்தி" என்று இருக்கும். தகப்பனார் இறந்து, அம்மாவின் இனிஷியல் போடச் சொல்லி ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்கும். இந்த வேலையை நிதானமாகச் செய்து தருகிற பள்ளியைப் பெற்றோர் மறப்பதில்லை. தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி எங்களிடம் கேட்பது அதிகாரிகள், பெற்றோர் கேட்பது, "பேரு சரியா வந்துருமுங்களா?"

பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களிடம் தமிழ் வழியில் படிக்கிறார்கள். அப்பாவுக்கு நான் சொல்வதைப் பிள்ளைதான் இந்தியில் சொல்லும். சான்றிதழ் விஷயம் என்றால் அது போதும். அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு என்றால் போதாது. அவனைப் பற்றிய குறையை அவன் வாயாலேயே அவன் தகப்பனுக்குச் சொல்ல வைப்பது கொடுமை. அதற்காகவே இந்தி தெரிந்த ஓர் அம்மாவின் போன் எண்ணை வைத்திருக்கிறேன். நேரில் வர முடியாவிட்டால் ஸ்பீக்கரில் பேசித் தருவார்.

ஆசிரியர், பெற்றோர் இருவருமே தலைமை ஆசிரியரை எடை போட்டுப் பார்க்கிற நேரம் ஒன்று உண்டு. ஓர் ஆசிரியர்மேல் புகாரோடு ஒரு பெற்றோர் உள்ளே வருகிற நேரம் அது.

ஒருமுறை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஓர் அம்மா வந்தார், செக்கிங் வேலை. மகன் எட்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எழுதாததற்கு, "நீயெல்லாம் பனியன் கம்பெனிக்குத்தான் லாயக்கு" என்று ஒரு ஆசிரியர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். பையன் வீட்டில் போய் அதைச் சொல்லி அழவில்லை. "நாளையிலிருந்து நானும் கம்பெனிக்கே வரேம்மா" என்று கேட்டிருக்கிறான். "நாங்க அந்த வேலைதானுங்க செய்யறோம். அது அவ்வளவு கேவலமுங்களா?" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை.

இந்த இடத்தில் பல தலைமை ஆசிரியர்கள் அட்டெண்டரைக் கூப்பிட்டு, "அந்த சாரை வரச் சொல்லு" என்பார்கள். நான் அதைச் செய்வதில்லை. பெற்றோர் முன்னால் விசாரிக்கப்பட்ட ஆசிரியர் பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். மற்ற ஆசிரியர்களும் நாளைக்கு நமக்கும் இதே கதி என்று கணக்குப் போடுவார்கள். அதற்காக, "சார் நல்லதுக்குத்தாம்மா சொல்லியிருப்பாரு" என்று சமாதானம் சொல்லி அனுப்புவதும் கூடாது. அப்படி அனுப்பினால் அந்த அம்மா அப்புறம் பள்ளிக்கு வரவே மாட்டார். நான் அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டேன். நாளை இரவு அவர் வேலை முடிந்து வந்த பிறகு நானே போன் செய்வதாகச் சொன்னேன்.

ஆசிரியரைக் கடைசி மணி அடித்த பிறகு அவருடைய வகுப்பறையில் போய்ப் பார்த்தேன். என் அறைக்குக் கூப்பிட்டால் அது விசாரணை ஆகிவிடும். எழுதியதைப் படித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "ஒரு பேரண்ட் வந்து சொன்னா உடனே எங்களத்தான் கேப்பீங்களா மேடம்?" என்றார். கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: போன வருடம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பையன்கள் படிப்பை நிறுத்திவிட்டுக் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போனார்களே, அதில் ஒருவன் இவர் உயிரைக் கொடுத்துப் படிக்க வைத்தவன். இந்தப் பையனும் அந்த வழியில் போய்விடுவானோ என்கிற பயம்தான் அப்படி வாயில் வந்தது என்றார்.

பயம் உண்மை. சொன்னது தவறு என்பதும் உண்மை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பெற்றவர்களின் வேலையைச் சொல்லிப் பிள்ளையைத் தாழ்த்துவது எங்கள் ஊரில் வகுப்பு முழுவதையும் தாழ்த்துவதாகும். இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். மறுநாள் போனில் அந்த அம்மா கேட்ட, "அவரு சொன்னது தப்புதானுங்களே?" என்ற கேள்விக்கு, "ஆமாங்க, தப்புதான்" என்றேன். ஆசிரியரும் அவரிடம் பேசினார். அந்த ஆசிரியர் அதன்பிறகு வெகுநாள் என்னோடு அளவாகத்தான் பேசினார். பையன் மறுநாள் பள்ளிக்கு வந்தான். நடுவில் நிற்கிற தலைமை ஆசிரியர் இருவரையும் திருப்திப்படுத்தியாக வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி என்ன பேசினேனோ, அதையே அவர் எதிரிலும் பேச முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுதான் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்தது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். காமராசர் காலத்தில் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தியபோது ஊர்க்காரர்கள் பள்ளிக்கு மேஜையும் பெஞ்சும் மணியும் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பொருள் கொடுத்த பெற்றோருக்கு இன்றைக்குத் தீர்மானத்தில் பங்கு கிடைத்திருக்கிறது. இது பெரிய மாற்றம். ஆனால் பகல் கூட்டத்துக்கு வந்தால் அரை ஷிப்ட் போகிறவர்களிடம், "ஏம்மா வரலை?" என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. கழிப்பறைத் தண்ணீர், மதில் சுவர், எட்டாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லாதது என்று பேச வேண்டியதை முன்கூட்டியே போனில் சொல்லி, அவர்கள் கருத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன். தீர்மான நோட்டு வெறுமனே கையெழுத்துக்காக நீட்டப்பட்டால் பெற்றோர் அதை உடனே புரிந்துகொள்வார்கள்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். இளநிலை உதவியாளர் பணியிடம் காலியாகக் கிடக்கிற பள்ளியில் சம்பளப் பட்டியலிலிருந்து எல்லாக் கணக்கும் தலைமை ஆசிரியர் தலையில்தான். நான் விடாமல் காப்பாற்றுவது காலை அரை மணி நேரத்தை. பிரேயருக்கு முன்னால் கேட்டருகே நிற்பேன். ஷிப்டுக்குப் போகிற வழியில் டி.வி.எஸ். 50ஐ நிறுத்தாமலே ஒருவர், "பெரிய டீச்சர், பாப்பாவுக்கு ராத்திரி காய்ச்சலுங்க, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அறைக்கு வந்து சொல்ல அவருக்கு அரை நாள் ஆகியிருக்கும். மாவட்ட அலுவலகத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காலை ஒன்பதரைக்கு முன்னால் எங்களை இணையவழிக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், எந்தப் புள்ளிவிவரமும் கேட்காதீர்கள். கேட்கிற விவரம் அத்தனையும் பத்து மணிக்குத் தருகிறோம்.