டீக்கடை பெஞ்சும் விளையாட்டுப் பக்கமும்

நீங்களும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆள் என்றால் அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். மெட்ராஸ் பஸ் நிற்பதற்கு முன்பே பேப்பர் கட்டு தொப்பென்று தரையில் விழும். சணல் கயிற்றை அறுத்ததும் அச்சு மை வாசம் வடைச்சட்டிப் புகையோடு கலந்துவிடும். டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள். அது டிரில் மாஸ்டருக்கு.

இந்து பேப்பரில் வந்த கிரிக்கெட் பத்தியை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே தமிழில் சொல்லுவார். எழுதியவர் விட்டதையும் சேர்த்துச் சொல்லுவார். “இது அவர் எழுதல, நான் சொல்றேன்” என்று நடுவில் ஒரு எச்சரிக்கை வரும். 1986 செப்டம்பரில் சேப்பாக்கம் டெஸ்ட் டையில் முடிந்த மறுநாள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 அடித்ததை எழுந்து நின்று நடித்தே காட்டினார். கடைசியில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று பெஞ்ச் இரண்டு கட்சியானது. கடைக்காரர் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

பக்கத்து சலூனில் ஸ்போர்ட்ஸ்டார் கிடக்கும். நடுப்பக்கப் படம் எப்போதும் இருக்காது; அது கண்ணாடிக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கும். பவுடர் வாசமடிக்கும் பழைய இதழ்களை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவோம். வடை மடித்துத் தரும் தாளில் பாதிப் பத்தி சிக்கும். எண்ணெய் ஊறி, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும். மீதியை நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

1990ல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் வந்தது. பந்தய ஞாயிறுகளில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் உறுமல் ஊருக்கே கேட்கும். திங்கட்கிழமை, நம்ம பக்கத்துப் பெயர் அச்சில் வந்திருக்கிறதா என்று தேடுவோம். இரண்டு அங்குலச் செய்திதான். அதற்கே அவ்வளவு பெருமை.

பிறகு ஹூண்டாய் வந்தது, ஒரகடம் முழுக்க ஷெட்டுகள் முளைத்தன. டீக்கடை இருந்த இடத்தில் இப்போது சர்வீஸ் ரோடு. நைட் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில் எல்லார் காதிலும் இயர்போன். அஸ்வினே யூடியூபில் தமிழில் ஆட்டத்தை அலசுகிறார். பத்தி எழுதியவர்கள் பாட்காஸ்டில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் பத்தி எழுதும் கிடியன் ஹேயும் பீட்டர் லேலரும் நாளிதழை விட்டு வந்து, சந்தா கட்டியவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதுகிறார்கள். நியூயார்க் டைம்ஸ் 2023ல் தன் விளையாட்டுப் பிரிவையே கலைத்துவிட்டது.

இந்தப் பாட்காஸ்ட்களை நானும் கேட்கிறேன். விஷயம் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்ததைவிட அதிகம், அதை மறுக்க முடியாது. ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் திடீரென்று சிரிக்கிறார், எதற்கென்று தெரிவதில்லை. “நிறுத்துய்யா, அது அவுட்டே இல்ல” என்று குறுக்கே விழ அங்கே ஆளில்லை. டிரில் மாஸ்டர் இருந்திருந்தால் இந்தச் சந்தா சமாச்சாரமே அவருக்குப் பிடிபட்டிருக்காது. ஓசிப் பேப்பரைத் தவிர அவர் வேறெதையும் வாசித்ததில்லை.