கண்மாய்க்கரை ஏற்றமும் புதுக்கோட்டைப் பெண்களின் மிதிவண்டியும்

தொலைவு குறைந்த, ஆனால் செங்குத்தான ஓர் ஏற்றத்தைக் கால் ஊன்றாமல் மிதிவண்டியில் கடப்பதை ஊர்ச் சவாலாகக் கொள்ளும் வழக்கம் எங்கே தோன்றியது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு ஈடான ஒன்று உண்டா என்னும் இரண்டு கேள்விகள் இத்தேடலுக்கு அடிப்படை. ஏற்றத்தின் கடுமையை அளக்கச் சரிவு விகிதம் என்னும் அளவு பயன்படுகிறது. கிடைமட்டத்தில் 100 மீட்டர் செல்லும்போது உயரம் 10 மீட்டர் கூடுமானால் அது பத்து விழுக்காட்டுச் சரிவாகும்.

முதற்கேள்விக்கான விடை இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு இட்டுச் செல்கிறது. கேட்ஃபோர்டு மிதிவண்டிக் கழகம் 1887ஆம் ஆண்டில் தொடங்கிய மலையேற்றப் போட்டி இன்றும் நடைபெற்று வருகிறது. அது இப்போது நடக்கும் யார்க்ஸ் ஹில் ஏற்றம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவானது என்றாலும், சில இடங்களில் அதன் சரிவு இருபது விழுக்காட்டைத் தாண்டுவதால், வண்டியைவிட்டு இறங்காமல் உச்சியை எட்டுவதே அங்கு ஒரு தகுதியாகக் கருதப்படுகிறது. மலைமிதிவண்டி என்று இன்று அழைக்கப்படும் வண்டியின் வரலாறோ இதற்கு நேர்மாறாக இறக்கத்தில் தொடங்குகிறது. 1976இல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரருகே கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளில் மலைப்பாதை ஒன்றில் விரைந்திறங்கிப் போட்டியிட்டனர்; பின்னர் அதே வண்டிகளைக்கொண்டு மேலேறவும் வேண்டியிருந்தமையால் பலநிலைப் பல்சக்கரங்களைப் பொருத்தினர்; மலைமிதிவண்டிப் போட்டி 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இரண்டாம் கேள்விக்குப் புதுக்கோட்டையின் நிலவமைப்பு எளிதில் விடை தருவதில்லை. பெரும்பாலும் சமதளமான இம்மாவட்டத்தில் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் போன்ற இடங்களில் தனித்து நிற்கும் பாறைக்குன்றுகள் உண்டெனினும், அவற்றில் குடைவரைகளும் கல்வெட்டுகளும் கோட்டையும் தொல்லியல் சின்னங்களாகக் காக்கப்படுவதால், அவை மிதிவண்டிப் பந்தயத்துக்குரிய களங்கள் அல்ல. எனவே நாள்தோறும் மிதிவண்டி எதிர்கொள்ளும் ஏற்றங்களை வேறிடத்தில் தேடவேண்டியுள்ளது. மழைநீரைத் தேக்கும் ஏரிகளை இப்பகுதியினர் கண்மாய் என்பர். அவற்றின் உயர்ந்த மண்கரைகளின் மேல் ஏறி இறங்கும் வண்டிப்பாதைகளும், கல்குவாரிகளிலிருந்து மேலேறும் சரிவுகளும் சில பத்து மீட்டர்களே நீண்டாலும் சுமையோடு வருபவரைத் திணறடிப்பவை.

இச்சரிவுகளில் மிதிவண்டியோடு வந்தவர் யார் என்று தேடும்போது 1991ஆம் ஆண்டின் அறிவொளி இயக்கம் குறுக்கிடுகிறது. எழுத்தறிவற்ற வயதுவந்தோர்க்குத் தன்னார்வத் தொண்டர்களைக்கொண்டு எழுதப்படிக்கக் கற்பித்த இவ்வியக்கம், புதுக்கோட்டையில் அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தால் மிதிவண்டிப் பயிற்சியையும் தன் பணியாக ஏற்றது. வண்டி வாங்கும் பெண்களுக்குக் கடன் கிடைக்கவும் வழிசெய்யப்பட்டது. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகருக்குள் அணிவகுத்து வந்ததையும், ஊரகப் பெண்கள் ஏறத்தாழ ஒரு லட்சம்பேர் வண்டியோட்டக் கற்றதையும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார். குடுமியான்மலைக் கல்குவாரியில் வேலைசெய்த பெண்கள் தாம் கற்றதோடு நில்லாமல் பிறர்க்குக் கற்பித்ததும், பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவில் கிடைக்காதபோது குறுக்குக்கம்பியுள்ள ஆண்கள் வண்டிகளையே பலர் வாங்கியதும் அப்பதிவுகளில் காணப்படுகின்றன. அக்கம்பியின்மேல் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பது அவ்வண்டியால் கிடைத்த கூடுதல் வசதி.

அப்பெண்கள் எதிர்கொண்ட ஏற்றத்தின் கடுமையைக் கணக்கிட்டும் காட்டலாம். அக்காலத்து உருக்குச் சட்ட வண்டி ஏறத்தாழ இருபது கிலோ எடையுடையது. அதற்கு ஒரே பல்சக்கர நிலைதான் உண்டு. மிதிக்கும் சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பின், மிதிகட்டை ஒருமுறை சுற்றுகையில் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகர்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணொருவர் பதினைந்து கிலோ சுமையோடு பத்து விழுக்காட்டுச் சரிவில் ஏறுகிறார் எனக் கொண்டால், மிதிகட்டையின்மீது சராசரியாக 43 கிலோ எடைக்கு நிகரான விசையை இடைவிடாது செலுத்தவேண்டும். அதாவது இருக்கையைவிட்டு எழுந்து தம் உடலெடை முழுவதையும் மாறிமாறி மிதிகட்டைகள்மேல் இறக்கினாலன்றி வண்டி நகராது. மிதிக்கும் சக்கரத்தில் 32 பற்களும் பின்சக்கரத்தில் 51 பற்களும் உள்ள இன்றைய மலைமிதிவண்டியோ, ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவாகவே நகர்வதால், அதே சுமைக்கு ஏறத்தாழ 12 கிலோ எடைக்கு நிகரான விசையே போதுமானது. வேகம் குறையும், ஆனால் இருக்கையில் அமர்ந்தபடியே ஏறிவிடலாம்.

உடல்விசையை மட்டும் வைத்து இச்சவாலை அளந்துவிட முடியாது. கென்ட்டிலும் கலிஃபோர்னியாவிலும் சவாலை ஏற்றவர்கள் அதைப் பொழுதுபோக்காகத் தேர்ந்துகொண்டனர். புதுக்கோட்டைப் பெண்களோ சேலையுடுத்தி, தண்ணீர்க்குடத்தையும் விளைபொருளையும் ஏற்றி, தெருவில் நின்றோர் சொன்ன கேலிச்சொற்களுக்கிடையே வண்டியோட்டினர். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானதும், ஒரே நாளில் கூடுதல் ஊர்களுக்குச் சென்று விற்க முடிந்ததும், கணவர் அல்லது உடன்பிறந்தோர் அழைத்துச்செல்ல வேண்டும் என்ற நிலை தளர்ந்ததும் அவர்கள் பெற்ற பயன்கள். பத்தாண்டுகளுக்குப் பின்னர் தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியபோது, பெண் மிதிவண்டியோட்டுவது இம்மாவட்டத்தில் வியப்புக்குரிய காட்சியாக இருக்கவில்லை.

ஆகவே மிதிவண்டி ஏற்றம் என்னும் சவாலுக்குப் புதுக்கோட்டையில் உரிய மூலத்தை விளையாட்டுக் கழகங்களின் பதிவேடுகளில் தேடுவதைவிட அறிவொளி இயக்கத்தின் ஆவணங்களில் தேடுவதே பொருத்தமானது. 1991இல் இருபது வயதினராக இருந்த அப்பெண்கள் இப்போது ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்கள் எந்தக் கரையில் ஏறினர், எவ்வளவு சுமந்தனர், யாரிடம் கற்றனர் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்யும் பணியை மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் காலந்தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டும்.