எந்த நரம்பு நல்ல நரம்பு? கொடுவா மீனும் மாமாவின் ஆள்காட்டி விரலும்

போனை எடுத்து 'பாஸ் ஃபிஷிங்' என்று தேடிப் பாருங்கள். தெளிந்த ஏரி, பளபளக்கும் படகு, தொப்பி போட்ட ஓர் அமெரிக்கர், அவர் கையில் வாயைப் பெரிதாகத் திறந்த பச்சை நிற மீன். அடுத்த வீடியோவில் 'எந்த நரம்பு பெஸ்ட்?' என்று ஒரு பட்டிமன்றம். நைலானா, ஃப்ளோரோகார்பனா, பிரெய்டா? மூன்று அணிக்கும் பேச ஆள் இருக்கிறார்கள். தீர்ப்பு மட்டும் வராது.

இந்தப் பட்டிமன்றத்தை நான் பொழுதுபோக்குக்காகப் பார்க்க ஆரம்பிக்கவில்லை. கோவளத்தில் இருக்கும் என் மாமாவின் விரலுக்காகப் பார்த்தேன்.

மாமா, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கைத்தூண்டில் போடுகிறவர். கம்பு கிடையாது, ரீல் கிடையாது. ஒரு கட்டையில் சுற்றிய நரம்பு, ஈயக்குண்டு, முள், உயிரோடு துள்ளும் இறால்... அவ்வளவுதான் முதலீடு. அவர் காத்திருப்பது கொடுவாவுக்காக. நல்லதாக ஒன்று மாட்டினால், அன்றைய செலவு போக வீட்டுக்கும் காசு நிற்கும்.

போன வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட வரும் ஒருவர், பாதி தீர்ந்த பிரெய்டு நரம்பு உருளை ஒன்றை அன்போடு மாமாவிடம் கொடுத்தார். "அறுந்தே போகாது அண்ணே" என்றாராம். மாமாவும் கட்டையில் சுற்றித் தண்ணீரில் விட்டார். கொடுவா இழுத்தது. அவர் சொன்னது உண்மைதான், நரம்பு அறுந்துபோகவில்லை. மாமாவின் ஆள்காட்டி விரல்தான் அறுபட்டது. நான்கு தையல். மூன்று வாரம் தொழில் இல்லை.

பார்க்கப் போனபோது, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "எதைக் கேட்டாலும் போன்ல தேடிச் சொல்றியே பாப்பா. எந்த நரம்பு நல்லதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

அந்த பாஸ் வேறு, நம்ம பாஸ் வேறு

தேட ஆரம்பித்த முதல் நாளே ஒன்று புரிந்தது. வீடியோக்களில் வருவது 'லார்ஜ்மவுத் பாஸ்'. அமெரிக்க நன்னீர் ஏரிகளின் மீன். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த ஒரு பாஸ், சுமார் 10 கிலோ. அதற்குச் சமமான எடையில் இன்னொன்றைப் பிடிக்க 77 ஆண்டுகள் ஆயின. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்தார். இருவரும் அந்தச் சாதனையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கொடுவாவுக்கும் ஆங்கிலத்தில் 'ஏஷியன் சீ பாஸ்' என்று பெயர். ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி, வங்காளத்தில் பேட்கி. பெயரில் பாஸ் இருந்தாலும் இது வேறு குடும்பம். உவர்நீரிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, கடல் பக்கம் போய் முட்டையிடும் மீன். அந்த 10 கிலோவையெல்லாம் தாண்டியும் வளரும்.

இந்த வித்தியாசம் நரம்பு விஷயத்தில் முக்கியம். அமெரிக்க ஏரியில் தண்ணீர் தெளிவு. அதனால், 'மீன் கண்ணுக்கு நரம்பு தெரியுமா?' என்பது அங்கே பெரிய கேள்வி. ஏரியில் பாசியும் கொடியும் மண்டிக் கிடக்கும். அதனால், கொடிகளை அறுத்துக்கொண்டு வரும் நரம்பு தேவை.

நம் முகத்துவாரத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் கலங்கல். மீனுக்கு நரம்பு தெரிவதைவிட, நரம்பு எதில் உரசுகிறது என்பதே பிரச்னை. பாலத் தூண்களிலும் பாறைகளிலும் ஒட்டியிருக்கும் சிப்பிகளின் விளிம்பு பிளேடு மாதிரி. கொடுவாவும் சாதாரண ஆள் இல்லை. அதன் பற்கள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பானவை. செவுள் மூடியின் ஓரம் கையையே கிழித்துவிடும். அது தலையை உதறும்போது நரம்பு அங்கே பட்டால் கதை முடிந்தது.

அங்கே சொல்லும் பதிலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கேள்வியே வேறு.

மூன்று நரம்பு, மூன்று குணம்

நைலான்: 1930-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பிறந்தது. அதற்கு முன் பட்டு நூலும் பருத்தி நூலும்தான். நம் கடைகளில் 'தங்கூஸ்' என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். நன்றாக இழுபடும். மீன் திடீரென்று பாயும்போது அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். விலையும் குறைவு. ஆனால், தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும். வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும். சுற்றி வைத்த வடிவத்திலேயே சுருண்டு நிற்கும்.

ஃப்ளோரோகார்பன்: 1970-களில் ஜப்பானின் குரேஹா நிறுவனம் மீன்பிடி நரம்பாகக் கொண்டுவந்தது. ஒளி வளையும் அளவைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33. ஃப்ளோரோகார்பனுக்கு சுமார் 1.42, நைலானுக்கு 1.5-க்கும் மேல். தண்ணீரின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால்தான் 'கண்ணுக்குத் தெரியாத நரம்பு' என்று விளம்பரம் செய்கிறார்கள். நமக்கு உதவுவது அதன் இன்னொரு குணம். மேற்பரப்பு கெட்டி, உரசலைத் தாங்கும். தண்ணீரை உறிஞ்சாது, மூழ்கும். விலை அதிகம், விறைப்பும் அதிகம்.

பிரெய்டு: மெல்லிய பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்தது. அதே பலத்துக்கு நைலானைவிட மிக மெல்லியதாக இருக்கும். மிதக்கும். கிட்டத்தட்ட இழுபடவே இழுபடாது. அதனால், கம்பில் போடுகிறவருக்கு மீன் தொட்டவுடன் கைக்குத் தெரியும். அந்த இரண்டு குணமும்தான் மாமாவுக்கு எமன் ஆனது. மெல்லியது, இழுபடாதது, வெறும் விரலில் சுற்றியது. கத்திக்கு வேறு என்ன இலக்கணம்?

மொட்டைமாடி ஆய்வகம்

படித்ததை மட்டும் நம்பி மாமாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே பலத்தில் மூன்று நரம்பும் சில மீட்டர் வாங்கினேன். பாக்கெட்டில் '10 எல்பி' என்று போட்டிருந்தால் சுமார் 4.5 கிலோ என்று அர்த்தம். மொட்டைமாடிக் கம்பியில் கட்டி, மறுமுனையில் வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். அம்மா கீழிருந்து "யாருடி தண்ணிய வேஸ்ட் பண்றது?" என்று குரல் கொடுத்ததும் சோதனையின் ஒரு பகுதிதான்.

கவனித்தது இது. நரம்பு நடுவில் அறுந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் முடிச்சில்தான் அறுந்தது. காய்ந்த முடிச்சை வெடுக்கென்று இறுக்கினால் சீக்கிரம் போனது. எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்கிய முடிச்சு கூடுதல் எடையைத் தாங்கியது. உரசும்போது எழும் சூட்டில் நரம்பு பலவீனமாவதுதான் காரணம். மாமா முடிச்சு போடும்போதெல்லாம் நரம்பை வாயில் வைத்து எடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

அடுத்து, முட்டுக்காட்டிலிருந்து கொண்டுவந்த சிப்பி ஓட்டின் மேல், எடை தொங்கும் நரம்பை முன்னும் பின்னும் இழுத்தேன். முதலில் போனது பிரெய்டு. அடுத்து நைலான். கடைசிவரை நின்றது ஃப்ளோரோகார்பன். இது ஆய்வகச் சோதனை இல்லை. ஆனால், மாமாவின் விரலுக்குப் பதில் சொல்ல இது போதும்.

அறுந்த பிறகு என்ன ஆகும்?

எந்த வீடியோவிலும் அதிகம் பேசாத ஒன்றை மாமாதான் கேட்டார். "சரி, அறுந்து போச்சுன்னா மீதி நரம்பு எங்க போவும்?"

மீனோடு போகும். இல்லையென்றால் பாறையில் சிக்கிக் கிடக்கும். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை முட்டையிடும் பெண்கள். அப்படி ஒன்று, வாயில் முள்ளோடு இருபது மீட்டர் நரம்பையும் இழுத்துக்கொண்டு போனால் எங்காவது சிக்கிச் சாகும். யாருக்கும் லாபம் இல்லை. கரையில் கிடக்கும் நரம்பில் நீர்க்காகமும் கொக்கும் கால் சிக்கித் தவிப்பதை முகத்துவாரத்துக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஒற்றை இழை நைலான் நரம்பு கடலில் மக்க 600 ஆண்டுகள் ஆகலாம் என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஆக, 'அறவே அறாத நரம்பு' என்பது நல்ல நரம்புக்கு அடையாளம் இல்லை. அறுந்தால் முள்ளுக்குப் பக்கத்தில் அறுந்து, மீதி நம் கைக்குத் திரும்பி வர வேண்டும்.

மாமாவுக்குச் சொன்னது

கடைசியில் நாங்கள் இருவருமாக முடிவு செய்த ஏற்பாடு இது. கையில் பிடிக்கும் பெரிய நரம்பு, தடிமனான நைலான். தடிமன் இருப்பதால் விரலை வெட்டாது, இழுபடுவதால் பாய்ச்சலைத் தாங்கும். முள் பக்கம் மட்டும் ஒரு பாகம் நீளத்துக்கு ஃப்ளோரோகார்பன். அவ்வளவு கொஞ்சம் போதும் என்பதால் விலையும் கட்டுப்படியாகும். அந்தத் துண்டின் பலம் பெரிய நரம்பைவிட ஒரு படி குறைவு. சிக்கினால் அங்கே அறுந்துவிடும், நீளமான நரம்பு தண்ணீரில் தங்காது. விரலுக்கு, வெட்டிய சைக்கிள் டியூப் உறை.

அந்தப் பிரெய்டு உருளையைத் தூக்கி எறியவில்லை. கம்பும் ரீலும் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்தார் மாமா. அவனுக்கு அது சரியான நரம்பு. முன்னால் ஒரு ஃப்ளோரோகார்பன் துண்டு கட்டிக்கொண்டால் போதும். கொடுக்கும்போதே, "கையில சுத்தாத, ரீல்லயே இருக்கட்டும்" என்று விரல் தழும்பைக் காட்டியிருக்கிறார்.

ஏற்பாடு மாறிய பிறகும் மீன்கள் தப்பித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால், இதுவரை தையல் இல்லை. போன மாதம் நான்கு கிலோவில் ஒன்று ஏறியது என்று வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. நான் மீனைப் பார்ப்பதற்கு முன் விரலைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நீங்களும் தூண்டில் போடுகிறவர் என்றால், கடைக்காரரிடம் 'எது ஸ்ட்ராங்?' என்று கேட்பதற்கு முன் நான்கைச் சொல்லுங்கள்: கையிலா, ரீலிலா? தண்ணீர் தெளிவா, கலங்கலா? அடியில் மணலா, பாறையா? என்ன மீன்? பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

மீதிப் பாதியை மாமா தினமும் காலையில் செய்கிறார். முள்ளிலிருந்து ஒரு பாகம் நரம்பை உதட்டில் வைத்து மெதுவாக இழுப்பார். எங்காவது சொரசொரப்பாகத் தட்டினால், அந்த இடத்தோடு வெட்டிவிடுவார். வெட்டிய துண்டு தண்ணீருக்குப் போகாது, இடுப்பில் தொங்கும் பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் போகும். பிறகு ஈர முடிச்சு, இறால், அடுத்த வீச்சு.