கணக்கப்பிள்ளையின் அளவு

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பாதையில் அமைந்த சிறு நகரம் கெலிஓயா. கடைத்தெருவைக் கடந்து மேட்டுப் பாதையில் ஏறினால், தேயிலையும் மிளகுக் கொடியும் மரவள்ளிப் பாத்திகளும் மாறி மாறிக் கண்ணிற்படும். அம்மேட்டில் வாழ்ந்த ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரின் வரலாறு துவக்குப் பற்றியதாயினும் வேட்டைக் கதையன்று. அளவறிந்த ஒருவர் எவ்விடத்தில் அளவு தவறினார் என்பதே அதன் பொருள்.

தொழிற்காலமெல்லாம் கொழுந்து நிறுப்பதிலும் செக்றோல் எழுதுவதிலும் கழித்தவர் அவர். ஓர் இலக்கம் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் நாட்சம்பளம் பிழைக்கும் என்பதை உணர்ந்தவர். 7 என்ற இலக்கம் 1 உடன் மயங்கிவிடக்கூடாது என்பதற்காக, அதன் நடுவே ஒரு குறுக்குக்கோடு இடுவது அவர் வழக்கம். ஓய்வுபெற்ற பின்னர் அரை ஏக்கர் நிலத்தில் மரவள்ளியும் வற்றாளையும் நட்டார். நிலவில்லாத இரவுகளிற் காட்டுப்பன்றி வந்து பாத்திகளைக் கிளறியது. அவரிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றிருந்தது, தோட்டாதான் கிடைக்கவில்லை. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. ஆகவே, வெடித்து முடிந்த தோட்டாக் கூடுகளைத் தம் கையாலேயே மீண்டும் நிரப்பலானார்.

கைநிரப்பு வேலை இம்மலைநாட்டுக்குப் புதியதன்று. கெலிஓயாவுக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் 1638ஆம் ஆண்டு இரண்டாம் இராசசிங்கனின் படை போத்துக்கேயரை முறியடித்தபோது, இருதரப்பிலும் துவக்குகள் முழங்கின. ஒவ்வொரு வெடிக்கும் மருந்தும் குண்டும் வீரனின் கையாலேயே இடப்பட்டன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் குகையொன்றில் வெடியுப்பு எடுக்கப்பட்டதை, ஆங்கிலப் படை மருத்துவரான யோன் டேவி 1821இல் வெளியிட்ட தமது நூலில் விவரித்துள்ளார். தொழிற்சாலைத் தோட்டா வந்த பின்னரே நிரப்புபவனும் சுடுபவனும் ஒருவரையொருவர் அறியாத நிலை தோன்றியது.

கணக்கப்பிள்ளைக்கு இவ்வேலையைக் கற்றுக்கொடுத்தவர் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர். அவர் வைத்திருந்தது சிறுகுழல் றைபிள். 1930ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ·22 ஹோர்னெற் என்னும் தோட்டாவுக்குரியது. அதன் கூடு ஒரு சிறு விரலிலும் ஒடுங்கியது. அதற்குரிய மருந்தைக் கிறெயின் என்னும் நிறையால் அளப்பர். ஓர் இறாத்தலுக்கு 7000 கிறெயின். ஒரு கிறெயின் ஏறத்தாழ 65 மில்லிகிறாம். துரை அவரை மேசையருகே இருத்திக் கூறிய முதற்பாடம் ஒரு கணக்கேயாகும்: நூறில் ஒன்று கூடினால் நூற்றிலொரு பங்கு பிழை, பத்தில் ஒன்று கூடினால் பத்திலொரு பங்கு பிழை. தோட்டா சிறுக்கச் சிறுக்கப் பிழை பெருக்கும். செக்றோல் எழுதியவருக்கு இது எளிதில் விளங்கியது.

எல்லாக் கூடுகளும் மறுமுறை நிரப்பத்தக்கனவல்ல. சாதாரண ·22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து அடிவிளிம்பின் உள்ளே பரப்பப்பட்டிருப்பதால், ஒரு வெடியோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். தீமூட்டி நடுவில் அமைந்த கூடுகளுக்கு மறுபிறப்பு உண்டு. 1860களில் இவ்வகைத் தீமூட்டிக்கு இரு வேறு வடிவங்கள் உருவாயின. பொக்சர் என்ற ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், பேர்டன் என்ற அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பொக்சர் கூட்டின் அடியில் நடுத்துளை ஒன்றே இருப்பதால், பழைய தீமூட்டியைத் தள்ளி அகற்றுவது எளிது. கைநிரப்புவோர் அதனையே விரும்புவர்.

துரையின் இரண்டாவது பாடம் மருந்தின் வகை பற்றியது. 1884இல் பிரான்சில் புகையற்ற மருந்து உருவானபோது, கரிமருந்துக்குரிய பழைய அளவைக் கரண்டியாலேயே புதிய மருந்தையும் அள்ளிய சிலரின் துவக்குகள் வெடித்துச் சிதறின. கரண்டி மாறவில்லை, மருந்தின் வலிமை மாறிவிட்டது. ஆகவே ஒரு மேசையில் இரு மருந்துகள் இருக்கலாகாது. மூடுமுன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியிற் சரித்து உள்ளே பார்த்தல் வேண்டும். ஐயம் ஒன்றிலே தோன்றினாலும் அன்றைய வரிசை முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கணக்கப்பிள்ளை தம் துவக்குத் தோட்டாக்களை நிரப்பியபோதும் இவ்விதிகளிலிருந்து வழுவியதில்லை. மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையே வைக்கும் வட்டங்களைப் பழைய செக்றோல் புத்தகங்களின் அட்டையிலிருந்து வெட்டிக்கொள்வார். துவக்குக்குப் பெற்ற அனுமதிப்பத்திரம் தோட்டா செய்வதற்குப் பெற்ற அனுமதியாகாது என்பதும், 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டம் அதற்கு இடந்தராது என்பதும் அவருக்குத் தெரியாதனவல்ல. தம் பயிருக்காகத் தாம் செய்வதென்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு மாலை அயலவர் ஒருவர் வந்தார்.

"ஐயா, பன்றி வத்தாளையெல்லாம் கிண்டிப் போட்டிருச்சு. ரெண்டு தோட்டா இருந்தாக் குடுங்க."

அயலவரிடம் துவக்கு இல்லை என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். துவக்கில்லாதவனுக்குத் தோட்டா எதற்கு என்ற கேள்வி மனத்தில் எழாமலும் இல்லை. ஆனால் கேட்டால் விடை சொல்லப்படும். விடையை அறிந்தபின் கொடுக்க முடியாது. கொடாவிட்டால் பல்லாண்டு அயலுறவு முறியும். அவர் கேட்கவில்லை. இரண்டு தோட்டாக்களை எண்ணிக் கொடுத்தார்.

நான்காம் நாள் விடியற்புறத்தில், பீலிக்குத் தண்ணீர் எடுக்கச் சென்ற கொழுந்துக்காரி ஒருத்தியின் கால் பற்றையோரத்தில் இழுத்துக் கட்டியிருந்த கம்பியிலே தட்டியது. பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு வெடித்தது. முழங்காலுக்குக் கீழே காயம். லயத்திலிருந்தவர்கள் அவளைக் கம்பளியிற் கிடத்தித் தூக்கிச் சென்றனர். உயிர் தப்பியது.

சில நாள் கழித்து அவளுடைய கணவன் கணக்கப்பிள்ளையின் வீட்டுக்கு வந்தான். லயத்துக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்பவர் அவரே. அவன் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான்.

"டாக்டர் கால்லேருந்து எடுத்த சாமான், ஐயா. ஏதோ எழுத்து இருக்கு. என்னன்னு பாருங்க."

மிக அண்மையிலிருந்து சுடப்படும்போது சன்னத்தோடு அட்டையும் காயத்துள் நுழைந்துவிடுவதுண்டு. பொட்டலத்தினுள் இருந்தது ஒரு சிறு வட்டம். ஒரு பக்கம் கருகியிருந்தது. மறுபக்கத்தில், ஈரம்பட்டால் ஊதாநிறம் கொள்ளும் மைப்பென்சிலால் எழுதிய இலக்கமொன்று பாதியாக வெட்டுண்டு கிடந்தது. 7. அதன் நடுவே குறுக்குக்கோடு.

"இது என் எழுத்து" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஆமாங்கையா, ஒங்க எழுத்துத்தான். செக்றோல்ல இப்பிடித்தானே போடுவீங்க" என்றான் அவன். தெரிந்த எழுத்தைக் கண்டுகொண்ட நிறைவு அவன் குரலில் இருந்தது. அவ்வட்டம் தன் மனைவியின் காலுக்குள் எவ்வாறு சென்றது என்று அவன் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. ஆகவே கணக்கப்பிள்ளை அதனை இரண்டாம் முறையும், இம்முறை முழுவதுமாகவும், சொல்லவேண்டியதாயிற்று.

மறுநாட்காலை அவர் துவக்கையும் எஞ்சிய மருந்தையும் எடுத்துக்கொண்டு பொலிசு நிலையத்துக்குச் சென்றார். வழக்கு நடந்தது, குற்றப்பணம் கட்டினார். துவக்கு திரும்பவில்லை, அவர் கேட்கவுமில்லை. சரிவேற இயலாத அப்பெண்ணுக்குப் பிள்ளைமடுவத்தில் வேலை கிடைத்தது. தம் சேமிப்பில் ஒரு பகுதியை அக்குடும்பத்துக்குக் கொடுத்தார். கணவன் பணத்தை மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் கடிதம் வாசிப்பிக்க அவரிடம் வரவில்லை. லயத்துக் கடிதங்கள் கடைத்தெருவிலே வேறொருவரிடம் வாசிப்பிக்கப்பட்டன.

அவர் நிரப்பிய அத்தோட்டாவில் ஒரு கிறெயினும் பிழைக்கவில்லை. பிழைத்திருந்தால் ஒருவேளை அது வெடிக்காதும் போயிருக்கலாம். விளக்கொளியிற் சரித்துப் பார்க்கும் கவனமெல்லாம் கூட்டின் வாயோடு நின்றுவிட்டது. மேசைக்கு அப்பாற் கேட்கவேண்டிய ஒரு கேள்விக்கு அது எட்டவில்லை. இன்றும் இந்நாட்டின் பயிர்நிலங்களிற் கட்டுத்துவக்குகள் மனிதரின் கால்களைத் தாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பற்றையுள் கம்பி கட்டியவனைத் தேடுவோர் பலர். மருந்தை அளந்து கொடுத்த கை பெரும்பாலும் தேடப்படுவதில்லை; தன் எழுத்தை அடையாளம் காட்டிய கணக்கப்பிள்ளையின் கையைப் போல அது தானாக முன்வருவதும் அரிது.