ஒரே ஆறு, மூன்று மாவட்டங்கள்

திருநெல்வேலிக்கு வருகின்ற விருந்தினர் பலர் அல்வாப் பொட்டலத்தோடு ஊர் திரும்பிவிடுகின்றனர். அடுத்த முறை வரும்போது, 1843-இல் கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் மீது சிறிது நேரம் நில்லுங்கள். கீழே ஓடும் தாமிரபரணியை அறியாமல் இந்நிலத்தையும் இதன் மக்களையும் அறிந்துகொள்ள இயலாது.

மேற்கே பொதிகை மலையில் பிறந்து, கிழக்கே புன்னைக்காயல் அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை இவ்வாறு கடக்கும் தொலைவு ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டிலேயே. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் இதற்கு நீர் தருகின்றன. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவை வழியில் வந்து சேர்கின்றன. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது. மற்றவை அதற்கும் முந்தியவை. அவற்றின் கால்வாய்களே கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களுக்கும் உயிர்நாடி.

மாவட்டம் முழுவதும் இப்படியே பசுமை என்று எண்ணிவிடாதீர்கள். தெற்கே நாங்குநேரி, இராதாபுரம் பக்கம் சென்றால் வானம் பார்த்த பூமியையும், மழையை எதிர்நோக்கும் குளங்களையும், பனைகளையும், பணகுடிச் சுற்றுவட்டாரத்தில் சுழலும் காற்றாலைகளையும் காண்பீர்கள்.

1790-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமைத்த இம்மாவட்டம் பின்னர் பலமுறை பிரிந்தது. 1986-இல் கிழக்குப் பகுதி தனியாகி, இன்றைய தூத்துக்குடி மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆகவே, நம்மவர் பெருமளவில் வாழும் பொட்டல்புதூர் இன்று தென்காசி மாவட்டத்தில், மேலப்பாளையம் திருநெல்வேலியில், காயல்பட்டினம் தூத்துக்குடியில்.

2011 கணக்கெடுப்பின்போது தென்காசியும் சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 30 இலட்சத்து 77 ஆயிரம். அதே கணக்கின்படி, இன்றைய எல்லைக்குள் அமைந்த எட்டு வட்டங்களில் வாழ்ந்தோர் ஏறத்தாழ பதினாறரை இலட்சம் பேர். அன்றைய மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,023 பெண்கள் இருந்தனர். பிழைப்பைத் தேடி ஆண்கள் சென்னைக்கும், கேரளத்திற்கும், வளைகுடா நாடுகளுக்கும் செல்வது இதற்கு ஒரு காரணம். அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் இல்லங்களில், தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றி அன்றாடச் செலவைத் தாங்குபவர்கள் பெண்களே.

சேரன்மகாதேவி வட்டத்திலுள்ள பத்தமடைக்குச் செல்லுங்கள். அங்கே முஸ்லிம் பெண்கள் கோரைப் புல்லை நூல் போல் மெல்லியதாகக் கிழித்துப் பாய் நெய்கின்றனர். நெய்வதற்கு முன் கோரையைப் பல நாள்கள் ஓடும் நீரில் ஊறவைப்பது அவர்கள் வழக்கம். ஆறு மாசடைந்தால் கோரையும் கெடும், அக்கைத்தொழிலும் நலியும். நகரக் கழிவுநீரும் ஆலைக் கழிவும் ஆற்றில் கலப்பதை யாருடைய கவலையோ என்று நாம் விட்டுவிடலாகாது.

மாவட்டங்களை மனிதர் பிரித்தாலும் ஆறு பிரியவில்லை என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் திருநெல்வேலிச் சந்திப்பைச் சூழ்ந்து, ஸ்ரீவைகுண்டத்தையும் மூழ்கடித்தது. அப்போது யாரும் மாவட்ட எல்லையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எந்த ஊராரின் படகு முதலில் வருகிறதோ அதில் ஏறிக்கொண்டனர்.

கோடையில் நீர் குறையும்போதும் அந்த எண்ணம் நம்மிடம் இருக்க வேண்டும். மேட்டில் உள்ளோர் ஆற்றில் விடும் அழுக்கைத்தான் கீழே உள்ளோர் குடத்தில் மொள்கின்றனர். உங்கள் பிள்ளைகளை ஒருநாள் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, மேலும் கீழும் கைகாட்டி, அங்கெல்லாம் வாழ்வோர் நம் உறவினர் என்று சொல்லிக்கொடுங்கள்.