ஜெர்மன்காரர்களின் பரிசும் அவிநாசிப் பையனின் கதையும்

அவிநாசியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் முதலை கதை தெரியும். குளிக்கப் போன ஐந்து வயதுப் பையனை முதலை விழுங்கிவிட்டது. சில வருடங்கள் கழித்து சுந்தரர் அந்த வழியாக வருகிறார். ஒரு வீட்டில் கூடப் போன பையனுக்குப் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகைச் சத்தம். அவர் பதிகம் பாட, முதலை பையனைத் திருப்பித் தருகிறது. முக்கியமான விஷயம் இதுதான்: வந்த பையன் ஐந்து வயதுப் பையன் அல்ல. இடையில் போன வருடங்களுக்கும் சேர்த்து வளர்ந்திருந்தான்!

இதைப் பாட்டி சொல்லிக் கேட்ட ஒருவன் கல்லூரிக்குப் போனான். இயற்பியல் மாணவன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் 'மீண்டும் ஜீனோ'வையும் நூலகத்தில் எடுத்து இரண்டு முறை படித்தவன். முதலையின் வயிற்றுக்குள் காலம் எப்படி ஓடியிருக்கும் என்ற கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. முதலையை விண்கலமாக்கி ஒரு கதை எழுத ஆரம்பித்தான்.

2019இல் 'அரூ' இணைய இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது. நடுவர் ஜெயமோகன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வீட்டு நிலைமை வேறு. அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அம்மா செக்கிங். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் ஒன்றரை ஷிப்ட், சில நாள் இரண்டு ஷிப்ட். அந்த மாதம் அப்பாவுக்கு முதுகுவலி வந்து படுத்துவிட்டார். கல்லூரி விட்டதும் இவன் பேக்கிங்குக்குப் போனான். சனிக்கிழமை சம்பளம் வந்தது. கடைசித் தேதியும் வந்து போனது. கதை பாதியில் நின்றது.

அந்த எரிச்சலில்தான் மற்ற மொழிகளில் இதற்கெல்லாம் என்ன பரிசு இருக்கிறது என்று தேடினான். ஆங்கிலத்துக்கு ஹ்யூகோ, நெபுலா உண்டு என்பது பலருக்கும் தெரியும். அவனை ஆச்சரியப்படுத்தியது ஜெர்மன் மொழி.

அங்கே ஒன்றல்ல, இரண்டு முக்கியமான பரிசுகள். முதலாவது குர்ட் லாஸ்விட்ஸ் பரிசு. 1981 முதல் வழங்கப்படுகிறது. லாஸ்விட்ஸ் (1848–1910) கோத்தா என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். செவ்வாய்க்கிரகவாசிகள் பூமிக்கு வரும் நாவலை 1897இலேயே எழுதியவர். இந்தப் பரிசுக்கு வாக்களிப்பவர்கள் அந்தத் துறையிலேயே இருக்கும் எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பதிப்பாசிரியர்கள். பணம் கிடையாது, மரியாதை மட்டுமே.

இரண்டாவது ஜெர்மன் அறிவியல் புனைகதைப் பரிசு. 1955இல் வாசகர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு மன்றம் 1985 முதல் இதைக் கொடுக்கிறது. முந்தைய ஆண்டில் ஜெர்மன் மொழியில் முதன்முதலாக வெளியான படைப்புகளை ஒரு குழு உட்கார்ந்து படிக்கிறது. சிறந்த நாவல் ஒன்று, சிறந்த சிறுகதை ஒன்று. மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. அரசாங்கமோ பெரிய முதலாளியோ பின்னால் இல்லை. படிக்கிறவர்களே கொடுக்கிறார்கள்!

அப்படி 1996இல் பரிசு பெற்ற நாவல் ஆண்ட்ரியாஸ் எஷ்பாக் எழுதியது. அவருடைய முதல் நாவல். ஆங்கிலத்தில் 2005இல் 'தி கார்பெட் மேக்கர்ஸ்' என்ற பெயரில் வந்தது. ஏதோ ஒரு கிரகம். அங்கே ஒருவன் தன் மனைவியர், மகள்களின் தலைமுடியை எடுத்து ஒரு கம்பளம் முடைகிறான். வாழ்நாள் முழுக்க ஒரே கம்பளம். அதை விற்ற பணத்தில் மகன் தன் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டு இன்னொரு கம்பளம் முடைவான். எல்லாம் பேரரசரின் அரண்மனைக்காம். அந்தக் கம்பளங்கள் உண்மையில் எங்கே போகின்றன என்பதுதான் நாவல். படிக்கப்போகிறவர்களுக்காக முடிவை இங்கே சொல்லவில்லை.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தைத்த துணி எந்த நாட்டில் யார் உடம்பில் போய்ச் சேருகிறது என்று தெரியாத ஊர் அல்லவா இது?

படுத்திருந்த அப்பாவிடம் அவன் இந்தக் கதையைச் சொன்னான். அவர் சிரித்தார். "ஆயுசுக்கு ஒரே பீஸா? பீஸ் ரேட்டுல கட்டுபடியாகாதுடா சாமி."

பிறகு அவரே கேட்டார், "உன்ற கதை என்னாச்சு?"

"முடிக்கலீங்கப்பா."

முதலை, விண்கலம், காலக் கணக்கு எல்லாவற்றையும் சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "பையன் வளந்துதான வந்தான்? அப்ப அவன் வளந்தத அவங்க ஆத்தா பாக்கவே இல்லியே. சாமி பையனக் குடுத்துருச்சு, அந்த வருசத்த யாருடா குடுப்பாங்க? எனக்கும் அப்படித்தான். நீ எப்ப இம்புட்டு வளந்தீன்னே தெரியல. ஒன்றரை ஷிப்ட்லயே போயிருச்சு."

அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அன்றிரவு விண்கலத்தைப் பற்றிய ஐந்து பக்கங்களைத் தூக்கிப் போட்டான். கரையில் காத்திருந்த அப்பா அம்மாவின் கதையாக மறுபடி எழுதினான். அடுத்த போட்டிக்கு அனுப்பினான். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் முதல் முறையாக ஒரு கதையை முடித்திருந்தான்.

இனி பரிசு விஷயத்துக்கு வருவோம். தமிழில் முயற்சியே இல்லை என்று சொல்வது தவறு. 2000களில் திண்ணையும் மரத்தடியும் சேர்ந்து அறிவியல் புனைகதைப் போட்டி நடத்தின. சுஜாதா 2008இல் மறைந்த பிறகு அவர் நினைவாக ஆழி பதிப்பகம் நடத்தியது. பிறகு அரூ. ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன. எழுத ஆரம்பித்தவன் வேலைக்குப் போய்விடுகிறான், கல்யாணம் ஆகிவிடுகிறது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. போட்டி என்பது அனுப்பிய கதைகளை மட்டும் பார்க்கும். ஜெர்மன் பரிசோ வெளியானவற்றைத் தேடிப் படிக்கிறது. ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை. சின்னப் பத்திரிகையில் வந்த கதையானாலும் யாரோ ஒருவர் கண்ணில் படும் என்ற நம்பிக்கை எழுதுகிறவனுக்கு இருக்கும்.

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஜெர்மன் மன்றம் தருவது பிரிவுக்கு ஆயிரம் யூரோ. வேண்டியது வருடம் தவறாமல் படிக்கப் பத்துப் பேர். அவிநாசித் தேர் பெரிய தேர். ஆனாலும் சித்திரை வந்தால் வடம் பிடிக்க ஆள் சேர்ந்துவிடுகிறது. எப்போது இழுப்பார்கள் என்று ஊருக்கே தெரியும், அதனால் வருகிறார்கள்.

அப்படி ஒரு தேதி தமிழ் அறிவியல் கதைக்கும் இருந்தால், பேக்கிங்குக்குப் போகிற பையனும் இந்த வருடம் போனால் அடுத்த வருடம் என்று பாதிக் கதையைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பான். நீங்கள் கடைசியாகப் படித்த தமிழ் அறிவியல் கதை எது? அதை இன்னொருவருக்குச் சொன்னீர்களா? அங்கிருந்தே தொடங்கலாம்.